செவலையின் ஐந்து பூச்சு

செவலைக்கு மொத்தம் ஐந்து பூச்சு. அடியில் இரண்டு சாம்பல், மேலே மூன்று சிவப்பு. எந்தப் பூச்சை எந்தத் தேதியில், எந்தத் தகட்டில், எத்தனை மணிக்கு அடித்தார், அது எத்தனை மணிக்குக் காய்ந்தது என்பதெல்லாம் வஞ்சிமுத்துவின் நோட்டில் இருக்கிறது. பம்புசெட்டுக் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எழுதி வைக்காத காரியம் நடக்காத காரியம் என்பது அவர் கட்சி.

செவலை என்பது கார். இரண்டே பேர் உட்காரலாம், கூரை கிடையாது, முக்கால் நூற்றாண்டுக்கு முன்னால் சீமையில் பந்தயத்துக்கென்று செய்தது. வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் கொட்டகையில் கோழி அடைகாக்கும் கூடாகக் கிடந்ததை டெம்போவில் ஏற்றி இருகூர் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவர் மனைவி இந்திராணி வாசலில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு முட்டை உருண்டது.

"ஏனுங்க, கோழியோட சேத்து வாங்கியிருந்தா இன்னும் லாபமா இருந்திருக்குமுங்களே" என்றாள்.

பேர் வைத்ததும் அவள்தான். துருவுக்கு அடியில் அங்கங்கே தெரிந்த பழைய சிவப்பைப் பார்த்து, தன் பிறந்த வீட்டில் முட்டித் தள்ளிக்கொண்டே திரிந்த செவலைக் கன்றின் ஞாபகம் வந்துவிட்டது என்றாள். அப்படியே நிலைத்துவிட்டது.

அதை மனுஷர் ஏறுகிற வண்டியாக்க ஐந்து வருட ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. தகடு வெட்டி ஒட்டுவதும் இன்ஜினைப் பிரித்துப் பூட்டுவதும் வஞ்சிமுத்துவின் வேலை. தேய்ப்பு இந்திராணியுடையது. வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்துக்கொண்டு, பள்ளத்தில் பட்டி வைத்து அடைத்த இடத்தைத் தேய், கழுவு, விரலால் தடவிப் பார், மறுபடி தேய். கைக்குத்தான் வேலை, வாய் சும்மா. அவளோ பால் சொசைட்டியில் விடிகாலை ஐந்து மணிக்கு நாற்பது பேரை வரிசையில் நிறுத்திப் பால் அளந்தவள். தெருக்கோடியில் கேன் தூக்கி வருகிறவனை இங்கிருந்தே கூப்பிட்டு, நேற்றைய பாலில் எத்தனை சொம்பு தண்ணீர் என்று கேட்கும் குரல் அவளுக்கு. கொட்டகையில் தேய்க்கும் நேரமெல்லாம் ஊர்க்கதை, சொசைட்டிக்கதை, அக்காள் வீட்டு மருமகளின் கதை. வண்டிக்கு அடியில் படுத்தபடி வஞ்சிமுத்து "ம்" கொட்டுவார். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அந்தக் குரல்தான் நாலு பேருக்குச் சமம்.

இதெல்லாம் இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய சங்கதி. வண்டி தயாரானதும் நாலு வருடம் ஓட்டினார்கள். அவர் வலது பக்கம் ஸ்டியரிங்கில், அவள் இடது பக்கம் முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு. அப்புறம் பெட்ரோல் வண்டிகளை ரோட்டில் விடக்கூடாது என்று சட்டம் வந்தது. இன்ஜினுக்கு ஆட்கள் வந்து சீல் வைத்தார்கள். செவலை கொட்டகையில் போர்வை போர்த்தி நின்றது. மாதம் ஒரு முறை வஞ்சிமுத்து துடைப்பார். தூசிக்குப் பயந்து கதவை மூடிக்கொண்டு துடைப்பார்.

போன தை மாதம் இந்திராணிக்குத் தொண்டையில் கட்டி என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது. கழுத்தில் ஒரு துளை, கையில் குழந்தைகள் எழுதி அழிக்கும் மின்பலகை ஒன்று. சொசைட்டிக் குரல் போன இடத்தில் காற்றுச் சத்தம்.

குரல் பட்டை ஒன்று உண்டு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். நாக்கும் உதடும் தசையும் எந்த வார்த்தைக்கு அசைகின்றனவோ அதைப் பிடித்து வெளியே பேசிவிடும். சொந்தக் குரலின் பதிவு பன்னிரண்டு நிமிஷம் கொடுத்தால் சொந்தக் குரலிலேயே, சொந்தப் பேச்சு வாசனையோடு பேசும். கொடுக்க முடியாதவர்களுக்கு அரசாங்கக் குரல். பெண்களுக்கு மூன்று வைத்திருந்தார்கள். எதுவானாலும் ஆடி முடிவதற்குள் பொருத்தியாக வேண்டும், அதற்கு மேல் போனால் தசை மறந்துவிடும் என்றார் டாக்டர். ஒரு முறை பழக்கிய குரலை மாற்றவும் முடியாது.

மூன்றாவது குரலைப் போட்டுக் காட்டினார்கள். இந்திராணி உதட்டை அசைத்தாள். கொஞ்சம் தண்ணி வேணுமுங்க என்று அவள் கேட்டது எதிரே நின்ற வஞ்சிமுத்துவுக்கு உதட்டிலேயே தெரிந்தது. பட்டை சொன்னது: "சிறிது தண்ணீர் தேவை."

பஸ் ஸ்டாப்பிலும் ரேஷன் கடையிலும் லிஃப்டிலும் கேட்கிற அதே குரல். அவள் இன்னொன்று கேட்டாள். பஸ் போயிருக்குமுங்களா? "பேருந்து சென்றிருக்குமா?" என்றது பட்டை. இந்திராணி அதைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பலகையில் எழுதினாள்: 'இது ஆராயிருந்தாலும் நானில்லை.'

சொந்தக் குரலுக்கு அவர்களிடம் வழியில்லாமல் போனதற்கும் ஒரு காரணம் உண்டு. பதினோரு வருடங்களுக்கு முன் நாடெங்கும் குரல் திருட்டு. பெற்ற மகளின் குரலில் போனில் அழுது வீட்டைக் காலி செய்தவர்கள், செத்துப்போன தகப்பனின் குரலில் மகனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் செய்தவர்கள் என்று நாளுக்கு ஒரு செய்தி. கடைசியில் குரல் காப்புச் சட்டம் வந்தது. வீடுகளில் இருக்கும் குரல் பதிவு எல்லாவற்றையும் ஒப்படைத்து அழித்துவிட வேண்டும். இருகூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் முகாம் போட்டார்கள். முதல் நாள் காலையிலேயே வஞ்சிமுத்து கல்யாண சி.டி., பழைய போன்கள், பென் டிரைவ் அத்தனையையும் பட்டியல் போட்டுப் பையில் எடுத்துக்கொண்டு போய் நின்றார்.

போவதற்கு முன் இந்திராணி ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாள். அக்காள் பேத்தியின் காதுகுத்தில் பந்திக்கு உப்பு வைக்க மறந்தவனை அவள் வறுத்தெடுத்ததை யாரோ எடுத்த வீடியோ. அதைப் போட்டுப் பார்த்து அவளே சிரிப்பாள்.

"சட்டம்னா எல்லாத்துக்குந்தான் இந்து" என்றார் வஞ்சிமுத்து. அதையும் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். ஒப்புகைச் சீட்டு இன்னும் ஃபைலில் பத்திரமாக இருக்கிறது.

பழைய கார்களுக்கு அடித்த டூகோ பெயிண்டில் பதிந்துபோன குரலை ஓர் ஆய்வகத்தில் படித்தெடுக்கிறார்கள் என்ற செய்தியைச் சித்திரை மாதம் பேப்பரில் பார்த்தார். அன்றே அந்த ஆய்வகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பதில் இல்லை. மொத்தம் எட்டுக் கடிதம். ஒவ்வொன்றிலும் பொருள், பார்வை, இணைப்பு என்று வரிசை தப்பாமல் போட்டு, நோட்டின் பக்கங்களை நகலெடுத்து வைத்திருந்தார். எட்டாவதற்குப் பதிலாக ஆளே வந்தது. ரெஜினா என்று முப்பது வயதுப் பெண், தூத்துக்குடிக்காரி, ஒரு வேனும் இரண்டு பெட்டியும்.

"பார்வை ஒண்ணு முதல் ஏழு வரைன்னு போட்டு ஒரு கடிதம் எங்க ஆபீஸுக்கு வந்ததே இல்ல சார். யாருன்னு பாக்கணும்னே வந்துட்டேன்" என்றாள்.

கொட்டகையில் போர்வையை எடுத்ததும் செவலை அவள் முகத்தைக் காட்டியது. அவ்வளவு மினுக்கு. ரெஜினா விசில் அடிக்கப் போய் நிறுத்திக்கொண்டாள். இன்ஜினை மூடும் முன்மூடியைத் தொட்டுப் பார்த்து, பூச்சு எப்படிக் குரலைப் பிடிக்கிறது என்று இருவருக்கும் விளக்கினாள்.

"பால் ஆறையில ஆடை கட்டும்ல்லா, அதே மாதிரிதான் இதுவும். டூகோ காயையில மேல தோல் கட்டும். அந்த நேரத்துல பக்கத்துல என்ன சத்தம் இருக்கோ அது கண்ணுக்குத் தெரியாத சுருக்கமா அதுல விழுந்து, அப்படியே இறுகிரும். நாங்க ஒளியை வெச்சு மேலேருந்து ஒவ்வொரு இழையா உரிச்சுப் படிப்போம்."

பால் என்றதும் இந்திராணி முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

"போன்ல இருந்ததையெல்லாம் செல்லாதுன்னு அழிச்சுப்புட்டு, தகரத்துல இருக்கறது மட்டும் செல்லுமுங்களா?" என்று கேட்டார் வஞ்சிமுத்து.

"போன்ல இருக்கதை யாரும் உண்டாக்கிரலாம் சார். இருபத்திரண்டு வருஷத்துப் பூச்சை யாரு உண்டாக்க முடியும்? குரல் சட்டத்துப் பதிவாளர் இதை மட்டுந்தான் ஏத்துக்குவாரு. ஆனா ஒரு விஷயம்." ரெஜினா வண்டியைப் பார்த்தாள். "ஒரு தடவைதான் படிக்க முடியும். படிக்கப் படிக்கப் பூச்சு தூளாப் போயிரும். முடிக்கும்போது வெறும் தகரந்தான் நிக்கும். இப்ப டூகோ எங்கயும் செய்யறதில்ல. திரும்ப அடிக்க முடியாது."

இந்திராணி பலகையில் எழுதிக் காட்டினாள்: 'வேண்டாம்.'

வண்டி போய்விடுமே என்று சொல்கிறாள் என்றுதான் வஞ்சிமுத்து எடுத்துக்கொண்டார். தன் மனசு தனக்கு முன்னால் அவளுக்குத் தெரியும் என்ற பூரிப்பும் கூட. "வண்டி போனாப் போச்சாது" என்றார். அவள் தலையை ஆட்டி, எழுதியதை அழித்துவிட்டு வேறு ஏதோ எழுத ஆரம்பித்தாள். அதற்குள் அவர் ரெஜினாவிடம் திரும்பிவிட்டார். பூச்சடித்த நாளெல்லாம் இவள் இதே இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள் என்றும், அந்த ஐந்து வருடமும் கொட்டகையில் வாய் ஓய்ந்ததே இல்லை என்றும், பன்னிரண்டு நிமிஷம் என்ன, பன்னிரண்டு மணி நேரம் கிடைக்கும் என்றும் சொன்னார். இந்திராணி அவர் முழங்கையைத் தொட்டுப் பலகையை நீட்டினாள்.

"இரு இந்து, அப்புறமா எழுது. புள்ள வேலைய ஆரம்பிக்கட்டும்" என்றார்.

அவள் பலகையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். பிறகு அழித்துவிட்டு, எல்லோருக்கும் டீ போட உள்ளே போனாள்.

இயந்திரம் தோசைக்கல் அளவுக்கு ஒரு தட்டு. தகட்டின்மேல் எறும்பு ஊர்கிற வேகத்தில் நகர்ந்தது. அதற்கு முன்னால் சிவப்பு, பின்னால் சாம்பல், அதற்கும் பின்னால் மங்கலான வெறும் தகரம். மிளகாய்ப்பொடி மாதிரி ஒரு தூள் கீழே விரித்த துணியில் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு தகட்டுக்கு ஒரு நாள், பெரிய முன்மூடிக்கு மட்டும் இரண்டு நாள் என்று கணக்கு. முன்மூடியிலிருந்து ஆரம்பித்தார்கள்.

முன்மூடியின் கடைசிப் பூச்சில் ஒன்றுமே இல்லை. வெறும் இரைச்சல். மினுக்குகிற காம்பவுண்டு எத்தனை முறை போட்டுத் தேய்த்தீர்கள் என்று ரெஜினா கேட்டாள். நோட்டைப் பார்த்து வஞ்சிமுத்து சொன்னார். அடித்த கையோடு மூன்று முறை, பிறகு வருடம் ஒரு முறை. அவள் பெருமூச்சு விட்டாள். மேல்தோலைத்தான் அவர் அத்தனை வருடமும் துணியால் துடைத்து எடுத்திருக்கிறார். இவ்வளவு நேர்த்தியாகப் பார்த்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். போகட்டும், அடியில் இன்னும் நாலு பூச்சு இருக்கிறதே என்றாள்.

இரண்டாம் நாள் சத்தம் வந்தது. முதலில் பெயிண்ட் பீய்ச்சக் காற்றடிக்கும் கம்ப்ரஸரின் கரகரப்பு. அது நின்றதும் ஒரு குயில். தூரத்து மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், எண்ணிப் பார்த்தால் நாலு. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய மதியம் ஒன்று கொட்டகைக்குள் வந்து நின்றது. வஞ்சிமுத்து பெட்டிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். தன் இருமல் கேட்டது. இளவயசு இருமல். செருப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் கலகலவென்று கண்ணாடி வளையல் சத்தம்.

"அவதான்" என்றார். "இப்பப் பேசுவா பாருங்க."

தட்டு தகட்டின் ஓரம் வரை ஊர்ந்து முடிந்தது. அவள் பேசவில்லை.

மூன்றாம் நாள் பின்மூடி. அதிலும் கம்ப்ரஸர், காக்கை, வளையல். நாலாம் நாள் வலது கதவு. கம்ப்ரஸர் நின்றதும் பெட்டியிலிருந்து ஓர் ஆண் குரல் தெளிவாக எழுந்தது. கொஞ்சம் கண்டிப்பான, கம்பெனியில் உருப்படி சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறவனின் குரல்.

"இந்து, சொன்னது ஞாபகமிருக்குதல்ல? பெயிண்ட் காயற வரைக்கும் வாயத் தொறக்கப்படாது. எச்சி தெறிச்சா கண்ணு உழுந்துரும்."

அதற்குப் பிறகு முப்பத்தெட்டு நிமிஷம் எதுவும் இல்லை. ஒருமுறை ஸ்டூல் நகர்ந்தது. ஒருமுறை வளையலைக் கையோடு சேர்த்துப் பிடித்து அடக்கிய சத்தம்.

ரெஜினா அவரைப் பார்க்காமல் கேட்டாள். "கண்ணுன்னா?"

டூகோ அடிக்கக் கற்றுக்கொடுத்த உக்கடத்து ரஹீம் பாய் பட்டறையில் அப்படித்தான் சொல்வார்கள். ஈரப் பூச்சில் ஒரு துளி எச்சிலோ எண்ணெயோ வியர்வையோ விழுந்தால் அந்த இடத்தைவிட்டுப் பூச்சு விலகிக்கொள்ளும். மீன் கண் மாதிரி வட்டமாக ஒரு குழி. அதனால் பாய் பட்டறையில் பூச்சு காயும்வரை ஒருவரும் பேசக்கூடாது. வெற்றிலை போடக்கூடாது, தும்மல் வந்தால் வெளியே ஓட வேண்டும். வஞ்சிமுத்து அந்தச் சட்டத்தை அப்படியே வீட்டுக் கொட்டகைக்கும் கொண்டுவந்திருந்தார். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே விஷயம் விளங்கிவிட்டது.

"ஆனா எப்பவும் பேசிட்டேதானுங்க இருப்பா" என்றார். "தேய்க்கறப்பவெல்லாம்."

"தேய்க்கையில பேசினது பூச்சுல விழாது சார். அது முன்னமே காஞ்சது. அந்தப் பேச்செல்லாம் தேய்ச்ச தண்ணியோட போயிருக்கும்." ரெஜினா வெறும் தகரமாகிவிட்ட கதவைக் காட்டினாள். "காயையில என்ன இருந்துச்சோ அதுதான் இருக்கும்."

ஐந்து வருடத்துப் பேச்சில் ஒரு வார்த்தையும் தங்கவில்லை. அவர் சொல்லி அவள் வாயை மூடிக்கொண்டிருந்த நேரம் மட்டும் தகடு தகடாக, பூச்சு பூச்சாகப் பத்திரமாக இருந்தது.

அன்று மதியம் இந்திராணி சோறு போட்டாள். வஞ்சிமுத்து கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"உனக்கு ஞாபகமிருந்துச்சா?"

அவள் தலையசைத்தாள்.

"ஏன் சொல்லுல?"

பலகையை எடுத்தாள். 'வேண்டாம்னு சொன்னேன். அன்னிக்கு நான் பேசவே இல்லீங்கன்னு எழுதினேன். நீங்க பாக்குல.' அவர் படித்து முடிக்கும்வரை பிடித்திருந்துவிட்டு அழித்தாள். ரசம் ஊற்றினாள்.

மிச்சமிருந்த தகடுகளை விட்டுவிடலாமா என்று ரெஜினா கேட்டாள். இடது கதவாவது அப்படியே சிவப்பாக இருக்கட்டும் என்பது அவள் எண்ணம். வஞ்சிமுத்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. 'இடது கதவு. மூன்றாம் பூச்சு. ஒரு கண்ணு. தேய்த்து எடுத்து, திரும்ப அடிக்கப்பட்டது.' கண்ணு எதனால் விழுந்தது என்று அவர் எழுதியிருக்கவில்லை. எதையும் காரணத்தோடு எழுதுகிறவர்.

"அதைப் படிச்சிருங்க" என்றார்.

ஐந்தாம் நாள் இந்திராணியும் கொட்டகைக்கு வந்தாள். அதே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். தட்டு ஊர்ந்தது. அவர் திரும்ப அடித்த உள்ளங்கையளவு இடத்தில் பேச்சே இல்லை. அது மறுநாள் அடித்தது, அவர் தனியாக இருந்து அடித்தது. அதைச் சுற்றிலும் பழைய மூன்றாம் பூச்சு. கம்ப்ரஸர். நிசப்தம். குயில். பத்து நிமிஷம் போயிற்று. வளையல். பிறகு இந்திராணி பேசினாள்.

"ஏனுங்க, ஒரு—"

"ஷ்ஷ்! பேசாதேன்னு சொன்னனல்ல. பாரு, உழுந்துருச்சு கண்ணு. பாரு."

அவ்வளவுதான்.

ரெஜினா ஒரு முறை திருப்பிப் போட்டாள். ஏனுங்க, ஒரு. நாற்பது வயசுக் குரல். அடக்கி வைத்திருந்த சிரிப்பு ஓரத்தில் நின்றுகொண்டிருந்த குரல். சொசைட்டியில் நாற்பது பேரை அதட்டிய தொண்டை, கொட்டகையில் ஒருவருக்கு மட்டும் கேட்கும்படி தன்னைத் தாழ்த்திக்கொண்டிருந்தது. இந்திராணி கண்ணை மூடிக் கேட்டாள். கை தானாகக் கழுத்துத் துளைக்குப் போயிற்று.

"எத்தன நேரமுங்க இது?" என்றார் வஞ்சிமுத்து.

"ரெண்டு செகண்ட் சார்."

"பன்னண்டு நிமிஷம் வேணும்."

"ஆமா."

கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தும் அவர் கேட்டார். இந்த இரண்டு வார்த்தையை மட்டுமாவது வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா? ரெஜினா உதட்டைக் கடித்தாள். முடியாது. பத்து செகண்டுக்குக் குறைவாக இருப்பதைப் பதிவாளர் குரல் என்றே ஏற்பதில்லை, துணுக்கு என்பார். துணுக்கிலிருந்து திருட்டுக் குரல் செய்துவிடுவார்கள் என்பதால் சாட்சி வைத்து அழித்துவிட வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். அவள் படிவத்தை நீட்டவில்லை, பெட்டிமேல் வைத்துவிட்டு வெளியே போய் வேனில் எதையோ தேடுகிற மாதிரி ரொம்ப நேரம் நின்றாள். பெட்டியின் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பக்கத்தில் அவர் போன் இருந்தது. யாராயிருந்தாலும் அந்த அவகாசத்தைப் புரிந்துகொண்டிருப்பார்கள்.

வஞ்சிமுத்து பெட்டியைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, படிவத்தை முதல் வரியிலிருந்து படித்து, மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். இந்திராணி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வியப்பு ஒன்றும் இல்லை அவள் முகத்தில்.

ரெஜினா உள்ளே வந்து படிவத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். பெட்டியில் இருந்ததை அழித்தாள். போகும்போது இந்திராணியின் கையைப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது குரலே பரவாயில்லை அக்கா, அது கொஞ்சம் தணிவா இருக்கும் என்றாள். தூத்துக்குடியில் தன் பெரியப்பா அரசாங்கத்தின் ஆண் குரலை வைத்திருக்கிறார் என்றும், ஊர்க்காரர்கள் அவரைக் கலெக்டர் என்று கூப்பிடுகிறார்கள் என்றும் சொன்னாள். சிரிக்க வைக்கத்தான் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அவர் கேட்டார். "அன்னைக்கு என்ன சொல்ல வந்தே? ஒரு... என்ன ஒரு?"

'மறந்துபோச்சுங்க' என்று எழுதினாள்.

ஆடி இருபத்தாறாம் தேதி பட்டையைப் பொருத்தினார்கள். மூன்றாவது குரல். பொருத்திய நர்சு ஏதாவது பேசிப் பாருங்கள் என்றதற்கு இந்திராணி கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள். வீட்டிலும் அதை அணைத்தே வைத்திருந்தாள். பலகையிலும் எழுதுவது குறைந்தது. கறிவேப்பிலை வேண்டும் என்றால் கிண்ணத்தைக் காட்டுவாள். மருந்து நேரத்துக்குக் கடிகாரத்தைக் காட்டுவாள். வஞ்சிமுத்துதான் இப்போது பேசினார். தினத்தந்தியைச் சத்தமாகப் படித்தார். பக்கத்து வீட்டுக் கதையை அவரே கேட்டுவந்து சொன்னார். அவருக்குக் கதை சொல்ல வராது, இரண்டு வரியில் முடிந்துவிடும். அவள் தலையை ஆட்டிக்கொள்வாள். ஒரு நாள் அந்தத் தலையாட்டல் தன்னுடைய பழைய "ம்" மாதிரியே இருப்பது அவருக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

ஒன்பதாம் நாள் மாலை நாலு மணி. ஆடிக் காற்றின் மிச்சம் தெருப் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. வஞ்சிமுத்து இரண்டு டம்ளரில் டீ ஆற்றி எடுத்துக்கொண்டு அவளைத் தேடினார். சமையலறையில் இல்லை. மாடியில் இல்லை. கொட்டகைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. புழுதி நேராக உள்ளே போய்க்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கதவு அப்படித் திறந்து கிடந்ததில்லை.

செவலை வெறும் தகரமாக நின்றது. கண்ணு விழுந்த இடத்தில் துரு பிடிக்க ஆரம்பித்திருந்தது.

இந்திராணி வண்டியில் உட்கார்ந்திருந்தாள். வலது பக்கம். இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை. ஐந்து வருடம் தேய்த்தவள். நாலு வருடம் ஓடிய வண்டி. ஒரு நாளும் அவர் கேட்டதில்லை. அவளும் இரண்டாம் முறை கேட்டதில்லை. ஏனுங்க, ஒரு. ஒரு ரவுண்டு. ஒரு ரவுண்டு நான் ஓட்டட்டுங்களா. அதைத் தவிர வேறென்ன இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றியது. வேறு எதுவாகவும் இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது. இனிமேல் அவள் சொன்னாலும் அது இந்தக் குரலில்தான் வரும்.

டம்ளர் சூடு விரலைச் சுட்டது. அவர் அப்படியே நின்றார்.

இந்திராணி அவரைப் பார்த்தாள். ஒரு கையை எடுத்துக் கழுத்துப் பட்டையின் பொத்தானை அழுத்தினாள். பச்சைப் புள்ளி ஒன்று எரிந்தது. அவள் உதடு அசைந்தது. அந்த ஓரத்துச் சிரிப்பு கூட இருந்தது. ஏனுங்க, பெயிண்ட் காஞ்சிருச்சுங்களா? உதட்டில் அவர் அதைப் படித்துவிட்டார்.

அரை நொடி கழித்து, பஸ் ஸ்டாப்பிலும் ரேஷன் கடையிலும் லிஃப்டிலும் கேட்கிற குரல் கொட்டகைக்குள் கேட்டது.

"வண்ணப்பூச்சு காய்ந்துவிட்டதா?"